1999 மாருதி 800, கேஸ் கிட் வண்டி: ஏற்காடு ஏறினால் கொதிக்குது. ஹெட்டைத் திறக்கலாமா?

அஸ்தம்பட்டி எண்ணூறு | ஞாயிறு, இரவு 9.42

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி 1999 மாடல் மாருதி 800, கார்புரேட்டர், ஏசி இல்லை. அப்பா வாங்கினது, அதனால கொடுக்க மனசு வரல. 2006-ல எல்பிஜி கிட் போட்டோம். ஓடினது 1,34,000.

சேலத்துக்குள்ள ஓட்டினா ஒன்னுமில்லீங்க. ஓமலூர் போயிட்டு வந்தாலும் டெம்பரேச்சர் முள் நடுவுலயே நிக்குது. ஏற்காடு ஏறினாத்தான் வம்பு. அடிவாரத்துல இருந்து ஆறேழு கொண்டை ஊசி வரைக்கும் சும்மா இருக்கும், அப்புறம் முள் மெல்ல ஏறும். பாதி மலை தாண்டறதுக்குள்ள சிவப்பைத் தொட்டுரும். ஓரமா நிறுத்தி பானெட்டைத் தூக்கினா ரிசர்வ் டப்பா களகளன்னு கொதிக்குது. அரை மணி நேரம் நின்னுட்டுப் போனா இன்னும் ஏழெட்டு வளைவு போகும், மறுபடியும் அதே கதை.

ஆறு மாசமா செஞ்சதெல்லாம் சொல்லிடறேன். ரேடியேட்டர் மூடி புதுசு. கூலன்ட் மாத்தியாச்சு. தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம மூடி வெக்கற வால்வு) மெக்கானிக் கழட்டி ஓரமா வெச்சுட்டார், "நம்ம ஊருக்கு இது தேவையில்லை"ன்னார். ஃபேனை டைரக்ட் கொடுத்துட்டார், சாவி போட்டா ஓடும். இப்ப அவர் சொல்றது ஹெட் கேஸ்கெட் (என்ஜின் மேல் மூடியான ஹெட்டுக்கும் கீழ இருக்கற பிளாக்குக்கும் நடுவுல அடைக்கற தகடு) போயிருச்சு, ஹெட்டைக் கழட்டி ஃபேசிங் பண்ணணும், அதாவது சமமா சீவணும், 14,000 ஆகும்னு.

வீட்டம்மாவுக்குப் பிறந்த ஊர் ஏற்காடு. மாசம் ஒரு தடவை ஏறியே ஆகணும், தீபாவளி வேற வருது. பணத்தைப் போடலாமா வேண்டாமா?

இன்னொன்னு, சம்பந்தம் இருக்கான்னு தெரியல. மலை ஏறும்போது கேஸ்ல இழுவை விட்டுப் போகுது. பெட்ரோலுக்கு மாத்தினா சரியாயிடுது. கேஸ் ஃபில்டர் அடைச்சிருக்கும்னு நெனைக்கிறேன், அதை அப்புறம் பாத்துக்கலாம்.


ரிவர்ஸ் கியர் | ஞாயிறு, இரவு 10.05

ஆறாவது வளைவுல நிறுத்தி டீ, பன்னெண்டாவதுல நிறுத்தி மிளகாய் பஜ்ஜி. மாமியார் வீட்டுக்கு எவ்ளோ லேட்டா போறியோ அவ்ளோ நல்லது தலைவா. வண்டிக்கு விவரம் தெரியுது.


மேலூர் வொர்க்‌ஷாப் | ஞாயிறு, இரவு 10.31

தம்பி, மெக்கானிக் சொன்னதுல தப்பு இல்ல. தெர்மோஸ்டாட்டு குளிர் நாட்டுக்காரன் வச்சது. நான் இருபத்திரண்டு வருசமா கழட்டிப் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஒரு வண்டி திரும்பி வந்தது கெடையாது. அதுக்கப்புறமும் கொதிக்குதுன்னா உள்ள கேஸ்கெட்டு ஊதுது, எரிஞ்ச புகை தண்ணிக்குள்ள வருது, அம்புட்டுதான். ஹெட்டு அலுமினியம், ரெண்டு தடவ கொதிச்சாலே வளைஞ்சுரும். இப்பவே தொறந்து பாத்துர்றது நல்லது, விட்டா செலவு ரெண்டு மடங்காப் போகும்.


டிப்போ தாத்தா | திங்கள், காலை 5.20

தம்பி அஸ்தம்பட்டி, அவசரப்பட்டு ஹெட்டில் கை வைக்காதீர்கள். முப்பத்தோரு வருடம் பஸ் டிப்போவில் இருந்தவன் சொல்கிறேன். கொதிக்கிற வண்டியில் ஹெட் கேஸ்கெட் காரணமாகவும் இருக்கும், விளைவாகவும் இருக்கும். விளைவை மாற்றிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டால் மூன்றே மாதத்தில் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உண்மையிலேயே சூடா, அல்லது கொதிக்க மட்டும் செய்கிறதா? இரண்டும் வேறு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே திறந்த பாத்திரத்தில் 95-லேயே கொதித்துவிடும். அதைத் தடுக்கத்தான் ரேடியேட்டர் மூடி. 0.9 என்று எண் போட்ட மூடி (அது தாங்கும் அழுத்தம், பார் கணக்கில்) ஒழுங்காகப் பிடித்தால் வெறும் தண்ணீரே 115-ஐத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் விட்டுவிட்டால், என்ஜின் சரியான சூட்டில் இருக்கும்போதே ரிசர்வ் டப்பா களகளக்கும். புது மூடி என்றீர்கள். புதுசெல்லாம் நல்லது என்று அர்த்தம் இல்லை. கடையில் எத்தனை எண் போட்ட மூடி கொடுத்தார்கள்?

தெர்மோஸ்டாட் விஷயத்தில் மேலூர் தம்பியோடு எனக்கு ஒத்துப்போகாது. அது இல்லாவிட்டால் தண்ணீர் ரேடியேட்டருக்குள் வேகமாக ஓடிவிடும், சூட்டை விடுவதற்கு நேரம் இருக்காது. அதனாலேயே கொதிக்கும்.


நூல் பிடிப்பவன் | திங்கள், காலை 8.12

தாத்தா, முதல் பாதி முழுக்கச் சரி. கடைசி இரண்டு வரியில் மட்டும் ஒரு திருத்தம், கோபிக்க வேண்டாம். "வேகமாக ஓடினால் சூடு விட நேரம் இருக்காது" என்பது நான் அப்ரென்டிஸாக இருந்த காலத்திலிருந்து கேட்கும் பேச்சு. ஒரு சொட்டுத் தண்ணீர் ரேடியேட்டரில் குறைந்த நேரம் நின்றால் என்ஜினிலும் குறைந்த நேரம்தானே நிற்கும்? அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். சுற்று வேகம் கூடக் கூட ரேடியேட்டர் மொத்தமாக வெளியேற்றும் சூடு கூடுமே தவிரக் குறையாது.

ஆனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தப்பு என்ற முடிவு சரிதான், காரணம்தான் வேறு. சில என்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும்படி செய்திருப்பார்கள். கழற்றிவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் என்ஜினுக்குத் திரும்பும். மற்ற என்ஜின்களில் கொதிப்பு வராது, ஆனால் காலையில் சூடேற நேரமாகும், அதுவரை சோக்கிலும் பெட்ரோல் கூடின கனத்த கலவையிலும் ஓடி மைலேஜ் போகும், ஆயில் கெடும். எப்படியானாலும் மலையில் கொதிக்கிற வண்டிக்கு அது மருந்து இல்லை. மலையில் தெர்மோஸ்டாட் எப்படியும் முழுசாகத் திறந்துதான் இருக்கும். திறந்த கதவைக் கழற்றி வைத்து என்ன பிரயோஜனம்?

அஸ்தம்பட்டி, நான்கைந்து விஷயம் சொல்லுங்கள். ஆயில் மூடிக்குக் கீழே வெண்ணெய் மாதிரி ஏதாவது இருக்கிறதா? காலையில் முதல் ஸ்டார்ட்டில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா? ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்திலேயே, என்ஜின் சூடாவதற்கு முன்பே, மேல் ஹோஸ் கல்லு மாதிரி விறைக்கிறதா? தண்ணீர் மாதத்துக்கு எவ்வளவு குறைகிறது? பெல்ட் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் எவ்வளவு இறங்குகிறது?


அஸ்தம்பட்டி எண்ணூறு | திங்கள், இரவு 8.50

நன்றிங்க. மூடியில 0.9-ன்னு போட்டிருக்கு. பெட்ரோல் பங்க் பக்கத்துல டயர் கடைக்காரர் கிட்ட ஏதோ பம்ப் வெச்சு டெஸ்ட் பண்ணினோம், பிடிக்குது.

ஆயில் சுத்தம், வெண்ணெய் இல்லை. புகை இல்லை. ஹோஸ் காலையில மெத்துனுதான் இருக்கு. தண்ணி, மலை ஏறாத மாசம் ஒரு சொட்டு குறையல. பெல்ட் டைட்டா இருக்கு, ஒரு விரல் தடிமன்கூட இறங்கல.

மூணு பிளக்கும் கழட்டினேன். மூணும் ஒரே மாதிரி சாம்பல் நிறம். கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லி மெக்கானிக் கிட்ட நின்னேன், மூணு சிலிண்டரும் 160-ஐ ஒட்டியே வந்துச்சு. அப்பவும் அவர் "கேஸ்கெட்தான்"ங்கறார்.

சூட்டை அளக்கலாம்னு கொரோனா காலத்துல வாங்கின துப்பாக்கி தெர்மாமீட்டரை ரேடியேட்டர் மேல காட்டினேன். 'ஹை'ன்னு மட்டும் வருது. கெட்டுப்போச்சா?


ரிவர்ஸ் கியர் | திங்கள், இரவு 9.01

அது காய்ச்சல் பாக்குறது தலைவா. 42-க்கு மேல போனா அதுக்கே மயக்கம் வந்துரும். உன் வண்டிக்கு பாராசிட்டமால் எழுதிக் குடுக்காம இருந்தா சரி.


நூல் பிடிப்பவன் | திங்கள், இரவு 9.40

சிரித்துவிட்டேன். மெக்கானிக் சாமான் விற்கும் கடையில் 300 டிகிரிக்கு மேல் காட்டும் துப்பாக்கி கிடைக்கும், ஆயிரத்துச் சொச்சம்தான். பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் அதுவும் பொய் சொல்லும். கறுப்பு ரப்பர் ஹோஸ் மேல் காட்டுங்கள், அல்லது ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள்.

மூன்று பிளக்கும் ஒரே நிறம், கம்ப்ரஷன் ஒரே அளவு, தண்ணீர் குறையவில்லை. கேஸ்கெட் போன வண்டியின் ஜாதகம் இது இல்லை. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கினால் அந்த ஒரு பிளக் மட்டும் ஆவியில் கழுவிவிட்டது போலச் சுத்தமாக இருக்கும். ஆனாலும் நூறு சதவீதம் தள்ளிவிட முடியாது. சூடான பிறகு மட்டும் ஊதும் கேஸ்கெட்டும் உண்டு.


மேலூர் வொர்க்‌ஷாப் | திங்கள், இரவு 10.15

நானும் அதத்தான் சொல்றேன். குளிர்ல நல்லாருக்கும், மலையில லோடு ஏறுனா ஊதும். எத்தன பாத்திருக்கேன். வேற என்னவா இருக்கும், நீங்களே சொல்லுங்க. மூடி நல்லாருக்கு, ஃபேன் ஓடுது, பெல்ட்டு டைட்டு. ரேடியேட்டர் அடைப்புன்னு வேணா சொல்லலாம்.


தாராபுரத்துக்காரன் | செவ்வாய், காலை 7.30

நானும் ஒரு கதை சொல்லிக்கிறனுங்க. என்கிட்ட டீசல் அம்பாசிடர் இருந்துது. இதே மாதிரி ஏத்தத்துல கொதிக்கும். ரேடியேட்டரைக் கழட்டி, மேல் தொட்டியைப் பிரிச்சு, கம்பி உட்டு அடைப்பெல்லாம் எடுத்தாங்க. ஒன்னும் ஆகல. ஹெட்டைப் பிரிச்சாங்க. ஒன்னும் ஆகல. கடைசீல பாத்தா பின்பக்கம் ஒரு சக்கரத்துல பிரேக் விடாமப் புடிச்சுட்டே இருந்துதுங்க! என்ஜின் பாவம், பிரேக்கையும் சேத்து இழுத்துட்டுப் போயிருக்கு. சமதளத்துல நியூட்ரல்ல தள்ளிப் பாருங்க, ஒரு ஆளு தள்ளினா 800 உருளணும்.


அஸ்தம்பட்டி எண்ணூறு | செவ்வாய், மதியம் 1.20

தள்ளிப் பார்த்தேனுங்க, என் பையன் ஒருத்தனே தள்ளிட்டான், பன்னெண்டு வயசு. பிரேக் இல்லை.


டிப்போ தாத்தா | புதன், காலை 5.05

நூல் பிடிப்பவருக்கு: நேரம் இருக்காது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் போர்மேன். அவருக்கு அவர் போர்மேன். நேற்று இரவு முழுக்க யோசித்தேன், நீங்கள் சொல்வதுதான் சரி. முப்பத்தோரு வருடம் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

அஸ்தம்பட்டி தம்பிக்கு: முதல் பதிவில் கடைசியாக எழுதினீர்களே, கேஸில் இழுவை போகிறது, பெட்ரோலில் சரியாகிறது என்று. அதை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிட்டீர்கள். எனக்கு இந்த இழையில் அதுதான் முக்கியமாகப் படுகிறது. மலையில் நிறுத்தியபோது கேஸ் வேப்பரைசரை யாராவது தொட்டுப் பார்த்தீர்களா?


அஸ்தம்பட்டி எண்ணூறு | புதன், காலை 6.40

தொடலீங்க. ஆனா கண்ணுல பட்டிருக்கு. போன தடவை பானெட்டைத் தூக்கினப்ப அது மேல வெள்ளையா பனி புடிச்சிருந்துச்சு, ஐஸ் பெட்டிக்குள்ள இருக்கற மாதிரி. மேல குளிருக்கு அப்படின்னு நெனைச்சுட்டேன்.


டிப்போ தாத்தா | புதன், காலை 6.44

என்ஜின் கொதித்துக்கொண்டிருக்கும்போதா?


அஸ்தம்பட்டி எண்ணூறு | புதன், காலை 6.45

ஆமாங்க.


நூல் பிடிப்பவன் | புதன், காலை 9.00

தாத்தா பிடித்துவிட்டார்.

மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். டேங்கில் எல்பிஜி அழுத்தத்தில் திரவமாக இருக்கிறது. வேப்பரைசர் அதை வாயுவாக்கி கார்புரேட்டருக்கு அனுப்புகிறது. திரவம் வாயுவாக மாறும்போது சுற்றிலும் உள்ள சூட்டை உறிஞ்சும். ஸ்பிரிட் கையில் பட்டால் சில்லென்று இருப்பது போலத்தான், இங்கே அளவு மிக அதிகம். சூடு கொடுக்காவிட்டால் வேப்பரைசர் உறைந்துவிடும். அதனால்தான் என்ஜினின் வெந்நீரிலிருந்து இரண்டு சின்ன ஹோஸ் எடுத்து அதற்குள் ஓட விடுகிறார்கள். காலையில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு கேஸுக்கு மாற்றச் சொல்வதும் இதற்காகவே.

குளிர்ந்த என்ஜினில் பனி பிடித்தால் சகஜம். என்ஜின் கொதிக்கிறது, ஒரு முழம் தள்ளி இருக்கும் வேப்பரைசரில் பனி என்றால், வெந்நீர் அங்கே போய்ச் சேரவே இல்லை. இழுவை போவதும் அதனால்தான்.

ரேடியேட்டர் அடைப்பாக இருந்தால் இப்படி வராது. வேப்பரைசரின் சுற்று தனி. ஹெட்டிலிருந்து கிளம்பி, ரேடியேட்டருக்குப் போகாமல், நேராகப் பம்புக்குத் திரும்பும். ரேடியேட்டர் முழுக்க அடைத்திருந்தாலும் வேப்பரைசர் தொட முடியாத சூட்டில்தான் இருக்கும். இரண்டு சுற்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று, வாட்டர் பம்ப்.


மேலூர் வொர்க்‌ஷாப் | புதன், காலை 11.25

இருங்க இருங்க. அவசரப்படாதீங்க. ரெண்டு கேள்வி. ஒண்ணு, தெர்மோஸ்டாட்டு இல்லாததால தண்ணி சூடே ஆகாம வேப்பரைசர் சில்லுன்னு இருக்கலாமுல்ல? ரெண்டு, கேஸ்கெட்டு ஊதுனாலும் காத்து போயி சின்ன ஹோஸுல அடைச்சுக்கும். வேப்பரைசர் பொதுவா ஒசரத்துலதான் மாட்டியிருப்பாங்க, ஏர்லாக் மொதல்ல அங்கதான் புடிக்கும். கொதிச்சு தண்ணி கொறஞ்சாலும் அங்கதான் மொதல்ல காயும். அப்ப பனியப் பாத்து பம்புன்னு எப்புடிச் சொல்றது?


நூல் பிடிப்பவன் | புதன், மதியம் 12.10

நல்ல கேள்வி, மேலூர் அண்ணன். இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை, வண்டியிடம்தான் கேட்க வேண்டும். அஸ்தம்பட்டி பனியைப் பார்த்தது கொதித்த பிறகு. கொதித்துத் தண்ணீர் வெளியேறியதால் பனி வந்ததா, பனி வந்த பிறகு கொதித்ததா? அதைத் தெரிந்துகொண்டால் பாதி முடிந்தது.

தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டுங்கள், அந்தச் சந்தேகமும் தீரட்டும். மாட்டுவதற்கு முன் வீட்டில் சோதியுங்கள். வால்வு இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து, நூலைப் பிடித்துப் பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். திறக்கும்போது நூலை விட்டுவிட்டுத் தானே கீழே விழும். அந்த நேரம் தண்ணீரின் சூடு எவ்வளவு என்று பாருங்கள். மேலே 82 என்று பொறித்திருந்தால் அதை ஒட்டி விழ வேண்டும்.

பிறகு மலை ஏறுங்கள், பெட்டி படுக்கை இல்லாமல், தனியாக. கொதிக்கும் வரை போக வேண்டாம். முள் நடுவைத் தாண்டியதுமே நிறுத்துங்கள். என்ஜினை அணைக்காமல் நான்கு இடத்தில் சூடு அளந்து எழுதுங்கள்: ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், வேப்பரைசருக்குப் போகும் ஹோஸ், திரும்பும் ஹோஸ்.

சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. துணி சுற்றிக்கொண்டும் கூடாது. எங்கள் மில்லில் ஒருவர் முகம் வெந்து மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றவும் வேண்டாம், ஹெட்டில் விரிசல் விடும். அப்படியும் முள் சிவப்புக்குப் போனால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள்.


ரிவர்ஸ் கியர் | புதன், மதியம் 12.30

பொண்டாட்டி இல்லாம மாமியார் ஊருக்குத் தனியாப் போகச் சொல்ற முதல் மெக்கானிக் நீங்கதான் சார்.


அஸ்தம்பட்டி எண்ணூறு | சனி, மாலை 5.15

போயிட்டு வந்துட்டேனுங்க. தெர்மோஸ்டாட்டை ரசம் வைக்கிற பாத்திரத்துல தொங்க விட்டேன், வீட்டுல திட்டு. 83, 84-ல விழுந்துச்சு. நல்லா இருக்கு, மாட்டியாச்சு.

கேஸ்ல ஏறினேன். ஏழாவது வளைவு தாண்டி முள் நடுவை விட்டு அசைஞ்சதும் நிறுத்தினேன். ரிசர்வ் டப்பாவுல தண்ணி கோட்டுலயே இருந்துச்சு, கொதிக்கல.

மேல் ஹோஸ் 97. கீழ் ஹோஸ் 46. வேப்பரைசருக்குப் போற ஹோஸ் என்ஜின் பக்கம் 71, வேப்பரைசர் பக்கம் 38. திரும்புற ஹோஸ் 19. வேப்பரைசர் உடம்பு முழுக்க வேர்த்திருந்துச்சு, ஒரு மூலையில பனி ஆரம்பிச்சிருந்துச்சு.

கீழ் ஹோஸைக் கையில பிடிச்சேன், சுகமா இருந்துச்சு, குளிக்கிற தண்ணி மாதிரி.


தாராபுரத்துக்காரன் | சனி, மாலை 6.00

97-க்கும் 46-க்கும் அம்பது டிகிரி வித்தியாசமா! ரேடியேட்டர் பிரமாதமா வேலை செய்யுதுன்னு அர்த்தமாங்க?


நூல் பிடிப்பவன் | சனி, இரவு 7.20

ஒரு வகையில் ஆமாம். ரேடியேட்டருக்கு வந்த கொஞ்சத் தண்ணீரை அது நன்றாகவே குளிர வைத்துவிட்டது. வந்ததுதான் கொஞ்சம். ஆரோக்கியமான சுற்றில் மேலுக்கும் கீழுக்கும் பொதுவாகப் பத்துப் பதினைந்து டிகிரிதான் வித்தியாசம் இருக்கும். ஃபேன் ஓடாமலோ, வெளியே பூச்சியும் வைக்கோலும் அடைத்தோ இருந்தால் இரண்டு ஹோஸும் சேர்ந்து சூடாக இருக்கும். மேலே நெருப்பு, கீழே வெதுவெது என்றால் ஓட்டம் இல்லை.

ரேடியேட்டர் குழாய்கள் உள்ளே அடைத்தாலும் இதே வித்தியாசம் வரும். அந்த இடத்தில்தான் 19 டிகிரி திரும்பு ஹோஸ் கை கொடுக்கிறது. ரேடியேட்டரோடு சம்பந்தமே இல்லாத சுற்றிலும் ஓட்டம் இல்லை. அதுவும் கொதிப்பதற்கு முன்பே, தண்ணீர் கோட்டில் இருக்கும்போதே.

மீதி இருப்பது மேலூர் அண்ணன் சொன்ன காற்று. கேஸ்கெட் ஊதினால் உண்டாகும் ஏர்லாக். அதற்கு இரண்டு சோதனை. காலையில் குளிர்ந்த என்ஜினில் மூடியைத் திறந்து, ரேடியேட்டரை வாய் வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். நிரப்பியபோது சிக்கிய காற்று முதலில் கொஞ்சம் வரும், நின்றுவிடும். கேஸ்கெட் குமிழி நிற்காது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கூடும். தெர்மோஸ்டாட் திறந்த பிறகு ஆக்ஸிலேட்டர் கொடுத்து உள்ளே எட்டிப் பாருங்கள், தண்ணீர் ஓடுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதை முழுச் சூடு ஏறும் முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து மேலே வரும் காற்றைத் திரவம் வழியாக இழுப்பார்கள். எரிந்த புகையின் கரியமில வாயு இருந்தால் நீலம் மஞ்சளாகும். கேஸில் ஓடினாலும் பெட்ரோலில் ஓடினாலும் இது வேலை செய்யும்.


மேலூர் வொர்க்‌ஷாப் | சனி, இரவு 8.40

அந்த நீலத் தண்ணி கிட்டு என்கிட்ட இருக்கு. வாங்கி ஒரு வருசமாச்சு, பிரிக்கவே இல்ல. வேணும்னா பார்சல் சர்வீசுல போட்டு விடவா?

கீழ் ஹோஸையும் பாருங்க தம்பி. பழைய ஹோஸு உள்ளுக்குள்ள தொளதொளன்னு ஆயிருக்கும். ஆக்ஸிலேட்டர் குடுத்தா பம்பு உறிஞ்சுற உறிஞ்சுல சப்பிக்கிரும். நின்னா பழையபடி உருண்டையாயிரும், ஒருத்தனும் கண்டுபுடிக்க முடியாது.


அஸ்தம்பட்டி எண்ணூறு | புதன், இரவு 9.10

மேலூர் அண்ணன் அனுப்பின கிட் வந்துச்சு, ரொம்ப நன்றிங்கண்ணா. இருபது நிமிஷம் வெச்சு இழுத்தோம், நீலம் நீலமாவே இருந்துச்சு. குமிழி ஆரம்பத்துல நாலஞ்சு, அப்புறம் இல்லை. கீழ் ஹோஸ் சப்பல.

ஆக்ஸிலேட்டர் கொடுத்துட்டு எட்டிப் பார்த்தா தண்ணி ஓடல. நடுங்குது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு 800-ல பார்த்தேன், அதுல வாய்க்கால் மாதிரி ஓடுது.

ஆனா மெக்கானிக் பம்ப் நல்லா இருக்குன்னு அடிச்சுச் சொல்றார். ஒழுகல, சத்தம் இல்லை, புல்லியைப் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் இல்லைன்னு காட்டினார்.


டிப்போ தாத்தா | வியாழன், காலை 5.10

அவர் பார்த்தது பேரிங்கையும் சீலையும். பம்பில் அவை இரண்டும் கெட்டால்தான் சத்தமும் ஒழுகலும் வரும். தண்ணீரைத் தள்ளுவது உள்ளே இருக்கும் இம்பெல்லர். அது முழுக்க அரித்துப் போனாலும் வெளியே ஒரு சொட்டு வராது, புல்லி அழகாகச் சுற்றும். சுற்றுகிறது என்பதால் தள்ளுகிறது என்று ஆகாது. கூலன்ட் மாற்றினோம் என்றீர்கள், அதற்கு முன்னால் எத்தனை வருடம் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?


அஸ்தம்பட்டி எண்ணூறு | வியாழன், காலை 7.00

போர் தண்ணிங்க. எங்க வீட்டு போர்ல பக்கெட்டே வெள்ளை பூத்துரும். அப்பா காலத்துல இருந்து அதான். பம்ப் 2015-ல ஒரு தடவை மாத்தினது, அப்ப மார்க்கெட்டுல விலை குறைஞ்சதா பார்த்து வாங்கினோம்.


டிப்போ தாத்தா | வியாழன், காலை 7.04

பம்பைக் கழற்றுங்கள்.


அஸ்தம்பட்டி எண்ணூறு | ஞாயிறு, மாலை 4.30

கழட்டியாச்சுங்க.

இம்பெல்லர் தகடு கரையான் அரிச்ச மாதிரி இருக்கு. இறக்கைன்னு சொல்ல ஒன்னுமே இல்லை, ஒவ்வொன்னும் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மிச்சம். மீதியெல்லாம் துரு. மெக்கானிக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்னும் பேசல. அப்புறம் "டீ சாப்பிடலாம் வாங்க"ன்னார்.

புது பம்ப், வார்ப்பு இம்பெல்லர் பார்த்து வாங்கினேன். கையோட டைமிங் பெல்ட், ஃபேன் பெல்ட், கீழ் ஹோஸ் மாத்திட்டோம். ஃபேனை டைரக்ட்ல இருந்து எடுத்து, புது சுவிட்ச் போட்டாச்சு. என்ஜினை ரெண்டு தடவை நல்ல தண்ணியில அலசினோம், வந்த கலர் காவி. எல்லாம் சேர்த்து கூலியோட 5,800.


நூல் பிடிப்பவன் | ஞாயிறு, மாலை 5.10

அருமை. கூலன்ட் கலப்பதாக இருந்தால் பாதிக்குப் பாதி, பேட்டரி தண்ணீரோடு (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் இல்லை). போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வடித்தபோது எவ்வளவு வந்தது என்று அளந்தீர்களா? அதே அளவு உள்ளே போக வேண்டும். அரை லிட்டர் குறைந்தால் எங்கோ காற்று நிற்கிறது. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து ஓட விட்டால் காற்று வெளியேறும். வேப்பரைசர் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருந்தால் அதன் பிராக்கெட்டையும் கீழே இறக்கிவிடுங்கள்.

கூலன்ட் சிந்தினால் உடனே கழுவுங்கள். இனிப்பாக இருக்கும் என்று தெரு நாய்கள் நக்கும். அது விஷம்.


அஸ்தம்பட்டி எண்ணூறு | அடுத்த ஞாயிறு, இரவு 8.20

வீட்டம்மா, பையன், நாலு பை, ஒரு சாக்கு அரிசியோட ஏறினோம். நிக்காம. இருபதாவது வளைவு வரைக்கும் கேஸ்லயே, இழுவை போகல. வேப்பரைசரைத் தொட முடியல, சுடுது. மேல் ஹோஸ் 91, கீழ் ஹோஸ் 78.

கடைசி நாலஞ்சு வளைவுல மட்டும் முள் நடுவுக்கு ஒரு நூல் மேல நின்னுச்சு, ஃபேன் ஓடினதும் இறங்கிருச்சு. அது பரவாயில்லையா?


டிப்போ தாத்தா | அடுத்த ஞாயிறு, இரவு 8.31

ஃபேன் ஓடி இறங்கினால் பரவாயில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் போர் தண்ணீர் குடித்த ரேடியேட்டர் அது, உள்ளே கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்யும். கோடைக்கு முன்னால் ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். அது வரை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்க விடாமல் இரண்டாவதில் போங்கள். பம்பும் வேகமாகச் சுற்றும்.


மேலூர் வொர்க்‌ஷாப் | அடுத்த ஞாயிறு, இரவு 9.15

தம்பி, அந்தப் பழைய பம்பத் தூக்கிப் போட்டுறாதீங்க. கிட்டத் திருப்பி அனுப்பும்போது அதையும் சேத்துப் போட்டு விடுங்க, பார்சல் காசு நான் தர்றேன். பட்டறையில பசங்க ரெண்டு பேரு இருக்காய்ங்க, காட்டணும்.

எனக்கும்தான்.


அஸ்தம்பட்டி எண்ணூறு | அடுத்த ஞாயிறு, இரவு 9.22

கிட் நாளைக்கே அனுப்பிடறேண்ணா. பம்ப் என்கிட்ட இல்லை. எங்க மெக்கானிக் எடுத்து அவர் மேஜை மேல வெச்சுகிட்டார், கேட்டா தர மாட்டேங்கறார்.